5.65 லட்சம் பேருக்கு ஒரு மாவட்டம்: பெரம்பலூரைத் தனியாக வைத்திருப்பது சரியா?

#1 வெள்ளாற்றுத்தென்கரை

எல்லோருக்கும் வணக்கம். கணக்கெடுப்புக்கான அரசிதழ் அறிவிப்பு 2025 ஜூன் 16-இல் வந்துவிட்டது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்துத் தலைகளை எண்ணப் போகிறார்கள். ஊர், வட்டம், மாவட்ட எல்லைகளில் மாற்றம் செய்வதென்றால் 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் கணக்கெடுப்பு முடிகிற வரை எல்லையைத் தொட முடியாது. அதனால் ரொம்ப நாளாக மனதில் இருப்பதை இப்போதே கேட்டுவிடுகிறேன்.

2011 கணக்குப்படி எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். ஆண்கள் 2,82,157, பெண்கள் 2,83,066. பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். மாநிலத்திலேயே ஆள் குறைந்த மாவட்டம் இதுதான். அந்தக் கணக்கில் அதற்கு அடுத்து வந்த நீலகிரியிலேயே 7.35 லட்சம். 2019, 2020-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை என்று புதிது புதிதாகப் பிரித்து மொத்தம் 38 ஆனபோதும் எங்கள் இடம் மாறவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வந்தது. "இவ்வளவு சின்ன மாவட்டத்துக்கு எதற்குத் தனி ஆட்சியர், தனி எஸ்பி? அரியலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் உடனே சொல்லப் பதில் இல்லை. ஆனால் சேர்க்கக் கூடாது என்றுதான் உள்ளே தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 செலவுக்கணக்கு

கேள்வி கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நான் திருச்சிக்காரன், வெளியில் இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

2011-இல் மாநிலத்தில் 7.21 கோடி பேர், 32 மாவட்டங்கள். சராசரி 22 லட்சத்துக்கு மேல். இப்போது 38 மாவட்டம் என்றாலும் அதே மக்கள்தொகைக்குச் சராசரி 19 லட்சம் வரும். பெரம்பலூர் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாவட்டம் என்று ஒன்று இருந்தால் ஆட்சியர், வருவாய் அலுவலர், காவல் கண்காணிப்பாளர், ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர், வேளாண் இணை இயக்குநர் என்று வரிசையாக வந்தாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் கட்டடம், வண்டி, ஓட்டுநர், அமைச்சுப் பணியாளர்கள். 40 லட்சம் பேர் உள்ள மாவட்டத்துக்கும் இதே பட்டியல், 5 லட்சத்துக்கும் இதே பட்டியல்.

பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்தாலே 13.2 லட்சம்தான். இரண்டு ஊருக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். மிச்சமாகும் பணத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

#3 ஜெயங்கொண்டத்தான்

செலவுக்கணக்கு அண்ணனுக்கு: அந்த முப்பது கிலோமீட்டர் அரியலூர் டவுனில் இருப்பவனுக்கு. எங்களுக்கு இல்லை.

இதைச் சேர்த்து, பிரித்து, திரும்பச் சேர்த்து எல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. 1995-இல் பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்துக் கரூர், பெரம்பலூர் உண்டாக்கினார்கள். அப்போது அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறை எல்லாம் பெரம்பலூரோடு. 2001 ஜனவரி 1-இல் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஒன்றேகால் வருடம் தாண்டவில்லை, 2002 மார்ச் கடைசியில் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அப்போதும் செலவுதான் காரணம். 2007 நவம்பர் 23-இல் மறுபடி பிரித்தார்கள்.

சேர்ந்திருந்த காலத்தில் ஆண்டிமடம் பக்கத்து ஆள் ஒருவன் ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால் ஜெயங்கொண்டம் வந்து, அங்கிருந்து அரியலூர், அப்புறம் பெரம்பலூர். விடியற்காலை கிளம்பினால் மனு கொடுத்துவிட்டு வீடு சேர இருட்டிவிடும். அன்றைய கூலி போச்சு, பஸ் காசு போச்சு. என் அப்பா முதியோர் உதவித்தொகைக்காக அப்படி அலைந்தவர். மாவட்டம் பிரிந்த பிறகு அரியலூருக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஆனது. மிச்சம் என்று நீங்கள் சொல்கிற பணம், முன்பு எங்கள் மடியில் இருந்து போன பணம்தான்.

#4 கணக்குப்பிள்ளை57

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து மேலே வந்தேன். இங்கே பேச்சு ஆட்சியர் அலுவலகக் கட்டடத்தையே சுற்றிவருகிறது. கீழே இறங்கிப் பார்க்கலாம்.

பெரம்பலூரில் ஒரே ஒரு வருவாய்க் கோட்டம். நான்கு வட்டங்கள்: பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர். இதில் ஆலத்தூர் பிந்தி வந்தது, 2011 கணக்கெடுப்பில் மூன்று வட்டம்தான். குறுவட்டங்கள், அதாவது பல வருவாய் கிராமங்களைச் சேர்த்து நாம் பிர்கா என்று சொல்வது, 11. வருவாய் கிராமங்கள் 152. இது ஒரு சங்கிலி. மறுபக்கம் ஊரக வளர்ச்சிச் சங்கிலி: பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என்று நான்கு ஒன்றியங்கள், 121 ஊராட்சிகள். நகர்ப்புறம் என்றால் பெரம்பலூர் நகராட்சியும் குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லெப்பைக்குடிகாடு பேரூராட்சிகளும். அவ்வளவுதான்.

152 வருவாய் கிராமம், 121 ஊராட்சி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரு ஊராட்சியில் இரண்டு வருவாய் கிராமத்தின் நிலம் இருக்கும். ஒரு வருவாய் கிராமத்தின் குக்கிராமங்கள் இரண்டு ஊராட்சிக்குப் போயிருக்கும். வட்டத்தின் பெயர் குன்னம், அந்தப் பக்கத்து ஒன்றியத்தின் பெயர் வேப்பூர். பட்டா மாற்ற ஒரு ஊர், குடிநீர்க் குழாய்க்கு வேறு ஊர். இதற்கு நடுவே நெடுஞ்சாலையில் கடலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் இருக்கிறது. வெளியூரில் இருந்து புதிதாகப் பணிக்கு வருபவர்கள் அங்கே இறங்கி நின்ற கதை எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி நடக்கும்.

மாவட்டம் சிறிதா பெரிதா என்பதைக் குடிமகன் உணர்வது ஜமாபந்தியில். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடியும். அதையொட்டி ஒவ்வொரு வட்டத்திலும் பிர்கா பிர்காவாகக் கணக்கைத் தணிக்கை செய்வார்கள். அ-பதிவேடு, அடங்கல், சிட்டா என்று நிலக்கணக்கு ஏடுகள் எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு விஏஓக்கள் வரிசையில் நிற்பார்கள். பெரிய மாவட்டத்தில் ஆட்சியர் ஏதாவது ஒரு வட்டத்துக்கு வருவார், மற்றதெல்லாம் கோட்டாட்சியரும் துணை ஆட்சியர்களும் பார்ப்பார்கள். இங்கே நான்கே வட்டம், 11 பிர்கா. நிலஅளவைக் கல் எங்கே காணாமல் போயிருக்கிறது என்று ஆட்சியரே அடங்கலைப் புரட்டிக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வடக்கே ஒரு பெரிய மாவட்டத்தில் வேலை பார்த்தபோது ஆட்சியரை நேரில் பார்த்ததே குடியரசு தின மைதானத்தில்தான்.

ஆகவே மேலே பதவி அதிகம் என்பது உண்மை, ஆனால் அது வீண் இல்லை. கீழே ஆள் குறைவு என்பதுதான் நோய். ஒரே விஏஓ பக்கத்து கிராமத்துக்கும் பொறுப்பு, நில அளவர் பணியிடம் காலி, பதிவறை எழுத்தர் இல்லை. மாவட்டத்தை ஒட்டினாலும் வெட்டினாலும் இது சரியாகாது.

#5 மானாவாரி

ஐயா சொன்னதில் முழுக்க உடன்பாடு. நான் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவன், கொஞ்சம் சின்ன வெங்காயம்.

எங்கள் மாவட்டம் வருடம் பூராவும் தண்ணீர் ஓடும் ஆறு இல்லாத மாவட்டம். வடக்கெல்லையில் வெள்ளாறு, நடுவில் மருதையாறு, இரண்டும் மழை பெய்தால்தான். மேற்கே பச்சைமலை, அதன் அடிவாரத்தில் கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி அணை. மற்றபடி ஏரி, கிணறு, வானம். மக்காச்சோளத்திலும் சின்ன வெங்காயத்திலும் மாநிலத்தில் முன்னால் நிற்கிறோம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள், சந்தோஷம். 2018-இல் படைப்புழு விழுந்தபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறக்க முடியாது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றுவிடும், இலை விரிந்தால் சல்லடையாகத் தெரியும்.

அந்த வருடம் நிவாரணக் கணக்கு எடுத்தது யார்? விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும். பயிர்க் காப்பீட்டில் சில பயிருக்கு வருவாய் கிராமம் அலகு, சிலவற்றுக்குப் பிர்கா அலகு. பிர்கா அலகு என்றால் என் வயல் முழுக்கப் போயிருந்தாலும், பத்து கிலோமீட்டர் தள்ளி கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்திருந்தால் சராசரியில் எனக்கு இழப்பு இல்லை என்று ஆகிவிடும். எனக்கு ஆட்சியர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதைவிட என் பிர்கா எவ்வளவு பெரியது என்பது முக்கியம். 1,750 சதுர கிலோமீட்டருக்கு 11 பிர்கா. ஒன்று சராசரியாக 160 சதுர கிலோமீட்டர்! இதைப் பிரிக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா?

இன்னொன்று. மாவட்டம் பிரிந்து முப்பது வருடம். பயிர்க்கடன் கொடுக்கிற கூட்டுறவு வங்கிக்குத் தலைமை இன்னும் திருச்சிதான். திருச்சி, கரூர், பெரம்பலூர், அரியலூர் நான்குக்கும் ஒரே மத்தியக் கூட்டுறவு வங்கி. பால் ஒன்றியமும் திருச்சி. அரசுப் பேருந்துக்கு மேலே கும்பகோணம் கோட்டம். செலவுக்கணக்கு அண்ணன் நினைப்பது மாதிரி எல்லாவற்றுக்கும் இங்கே தனி அலுவலகம் கிடையாது.

#6 செலவுக்கணக்கு

மானாவாரி சொன்னது எனக்குத்தான் சாதகம். வங்கியும் பால் ஒன்றியமும் பல மாவட்டத்துக்குப் பொதுவாக இருந்து வேலை நடக்கிறதல்லவா? அப்படியே மற்றத் துறைகளையும் இரண்டு மாவட்டத்துக்கு ஒன்று என்று வைக்கலாமே. ராஜஸ்தானில் 2023-இல் அவசரமாகப் புது மாவட்டங்கள் அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் அதில் ஒன்பதைக் கலைத்துவிட்டார்கள். அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று என்ன நிச்சயம்?

#7 வெள்ளாற்றுத்தென்கரை

ராஜஸ்தானைச் சொன்னால் தெலங்கானாவையும் சொல்ல வேண்டும் அண்ணா. 10 மாவட்டமாக இருந்ததை 2016-இல் 31 ஆக்கினார்கள், 2019-இல் 33. அதில் முலுகு மாவட்டத்தில் 3 லட்சம் பேர்கூட இல்லை. காடும் மலையும் நிறைந்த பகுதி, அங்கே வாரங்கல் வரை போகச் சொன்னால் யார் போவார்கள்? ஆந்திரமும் 2022-இல் 13-ஐ 26 ஆக்கிவிட்டது. அருணாசலத்தில் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-இல் 8,004 பேர்தான். ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்து மாவட்டம் போடுவதில்லை என்பது தெளிவு.

#8 கரும்பலகை

ஓய்வு பெற்ற ஆசிரியை. 2011-இல் கணக்கெடுப்பாளராகப் போனேன். எல்லோரும் 5,65,223 என்ற எண்ணைக் கல்வெட்டு மாதிரி எழுதுகிறீர்கள். அந்த எண் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போக வேண்டும். 28-ஆம் தேதி இரவு வீடில்லாதவர்களை எண்ண வேண்டும். மார்ச் 1 முதல் 5 வரை திரும்பப் போய், இடையில் பிறந்தவர், இறந்தவரைச் சரிபார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு வட்டாரம், ஏறக்குறைய அறுநூறு பேர். முதலில் கையால் ஒரு வரைபடம் போட வேண்டும். கோயில், குளம், தண்ணீர்த் தொட்டி, தெருக்கள், வீட்டு எண்கள் எல்லாம் அதில் வர வேண்டும்.

எனக்கு ஒதுக்கிய தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில். ஒரு வீட்டில் ஓர் அம்மா, இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள். மகன்கள் இருவரும் குவைத்தில். விதிப்படி, அந்த நாட்களில் ஒரு தடவையாவது வீட்டில் இருந்தவர்களைத்தான் எழுதலாம். வெளிநாட்டில் இருப்பவரை எழுதக் கூடாது. நான் தாளை மடித்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரேஷன் கார்டில் இருக்கான், ஓட்டு லிஸ்டில் இருக்கான், இதில மட்டும் ஏன் டீச்சர் என் புள்ள இல்ல?" விதியை எடுத்துச் சொன்னேன். அவருக்கு அது சமாதானம் ஆகவில்லை.

1000 ஆண்களுக்கு 1003 பெண்கள் என்று நம் மாவட்டத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த 1003-இல் எத்தனை, ஆண்கள் ஊரில் இல்லாததால் வந்தது? ஆறு வயது வரை உள்ள குழந்தைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 1000 ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள். மாநில அளவில் 943. பெருமைப்பட எதுவும் இல்லை, வருத்தப்படத்தான் இருக்கிறது.

#9 ஊர்ச்செவிலி

டீச்சர் சொன்ன 913-ஐப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவுகோல். அளவுகோல் எல்லாம் ஆள் கணக்கில்தான். ஆனால் எங்கள் ஊர்களில் மிச்சம் இருப்பவர்கள் யார்? கர்ப்பிணிகள், பிள்ளைகள், வயதானவர்கள். எல்லோருமே எங்களிடம் வருகிறவர்கள். 5,000 பேர் உள்ள நகரத் தெருவும் 5,000 பேர் உள்ள எங்கள் பகுதியும் வேலைப்பளுவில் ஒன்றா? என் பதிவேட்டில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர்கள் பட்டியல் மட்டும் நாளுக்கு நாள் நீள்கிறது.

பெண் குழந்தை விஷயம். ஸ்கேன் மையங்களைச் சோதனை செய்கிற அதிகாரம் மாவட்ட அளவில் இருக்கிறது. மாவட்டம் சிறியது என்பதால் எந்த மையம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே பார்க்காமல் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்த் தெரிந்து கொள்கிறார்கள். பெரம்பலூர் நகரில் இருந்து ஒரு மணி நேரம் போனால் எந்தத் திசையிலும் வேறு மாவட்டம் வந்துவிடும். கடலூர், சேலம், திருச்சி, அரியலூர். எல்லை தாண்டியதும் எங்கள் கண்காணிப்பும் நின்றுவிடுகிறது. இதற்குத் துறைகள் கூடிப் பேச வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி பற்றி யாரும் எழுதவில்லையே? 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறந்தார்கள், அரியலூருக்கும் ஒன்று. அதற்கப்புறமும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்கள் ஆறு: பெரம்பலூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், தென்காசி, மயிலாடுதுறை. நான்கு வழிச்சாலை மாவட்டத்தின் நடுவே போகிறது. திருமாந்துறை சுங்கச்சாவடியில் இருந்து பாடாலூர் வரை விபத்து நடக்காத வாரம் குறைவு. தலையில் அடிபட்டவரைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டு மணி பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

#10 கடல்தாண்டி

லெப்பைக்குடிகாடு. பதினைந்து வருடத்துக்கு மேலாக சவுதி. டீச்சர் சொன்ன அந்த அம்மாவின் மகன்களில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வெள்ளாற்றுக் கரையில், மாவட்டத்தின் ஓரத்தில். ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி, கடலூர் மாவட்டம். கடைத்தெரு, டாக்டர் எல்லாம் பாதி அங்கேதான். அலுவலகக் காரியத்துக்கு மட்டும் பெரம்பலூர். ஊருக்கு வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ. அதற்குள் வாரிசுச் சான்று, பட்டாவில் பெயர் மாற்றம், வீட்டு வரி, பாஸ்போர்ட் புதுப்பிப்பு எல்லாம் முடிய வேண்டும். பட்டா மாற்றத்துக்கு இணையத்தில் பதிந்தாலும் நிலஅளவர் வந்து பார்க்க வேண்டும். நில அளவர் பணியிடம் காலி என்று கணக்குப்பிள்ளை ஐயா எழுதியிருக்கிறாரே, அந்தக் காலி இடத்தால் போன விடுமுறையில் என் காரியம் முடியாமல் திரும்பிப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஆள் இல்லை.

எங்கள் பணம் ஊரில் இருக்கிறது, வீடு இருக்கிறது, வரி கட்டுகிறோம். எண்ணிக்கையில் இல்லை. மாநில நிதி ஆணையப் பணம் மக்கள்தொகையைப் பார்த்துத்தான் வருகிறது. பூலாம்பாடி பக்கம் மலேசியா, எங்கள் பக்கம் வளைகுடா, மற்ற ஊர்களில் திருப்பூர், சென்னை. 2027-இல் இதெல்லாம் இன்னும் கூடியிருக்கும். மாவட்டம் சின்னது என்று சொல்வதற்கு முன் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

#11 தொகுதிவாசி

நிர்வாகம் பேசினீர்கள், பிரதிநிதித்துவத்தையும் பேச வேண்டும். மாவட்டத்தில் இரண்டே சட்டமன்றத் தொகுதிகள்: பெரம்பலூர், குன்னம். பெரம்பலூர் தனித் தொகுதி. மாவட்டத்தில் 31 விழுக்காடு பட்டியல் சமூகத்தினர், அந்த வகையில் பொருத்தம்தான்.

நாடாளுமன்றத்துக்கு வந்தால், பெரம்பலூர் மக்களவைத் தொகுதி என்று பெயர். அதில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: குளித்தலை, லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், பெரம்பலூர். நான்கு திருச்சி மாவட்டம், ஒன்று கரூர் மாவட்டம். எங்கள் மாவட்டத்தில் இருந்து ஒன்றே ஒன்று. குன்னமோ சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. குன்னம் சட்டமன்றத் தொகுதிக்குள் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கத்து ஊர்களும் உண்டு. எந்த எம்பியும் எங்கள் மாவட்டத்தை நம்பி ஜெயிக்க வேண்டியதில்லை. ரயில் கேட்டு இத்தனை வருடமாகக் குரல் கொடுக்கிறோம். திருச்சி–விழுப்புரம் பாதை அரியலூர் வழியாகப் போகிறது, பெரம்பலூருக்குத் தண்டவாளமே இல்லை. நாடாளுமன்றத்தில் இதற்காக விடாமல் நிற்க, முழு மாவட்டத்தையும் தன் தொகுதியாகக் கொண்ட ஒருவர் வேண்டாமா? தொகுதி மறுவரையறை வந்தால் ஆள் கணக்கு குறைந்த எங்களுக்கு இந்த இரண்டு எம்எல்ஏவாவது மிஞ்சுமா என்பதே பயமாக இருக்கிறது. மாவட்டத்தையும் இழந்தால் பேச இடமே இருக்காது.

#12 மட்டுறுத்துநர்

கட்சி, சாதி பெயர்களை இழுத்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இழை நன்றாகப் போகிறது, அப்படியே தொடரட்டும்.

#13 கணக்குப்பிள்ளை57

கடல்தாண்டித் தம்பிக்கு: ஊருக்கு வருவதற்கு முன்பே வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் பதிந்துவிடுங்கள், விசாரணைக்கு வீட்டில் இருப்பவர்கள் போதும். உட்பிரிவு இல்லாத பட்டா மாற்றத்துக்குப் பெரும்பாலும் நிலஅளவர் நேரில் வரத் தேவைப்படாது. உட்பிரிவு உள்ளதுதான் இழுக்கும். அதை மட்டும் தனியாகப் பிரித்து முன்கூட்டியே பணம் கட்டி வைத்துவிடுங்கள்.

எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. அன்று முதல் நம் 121 ஊராட்சியும் தனி அலுவலர் பொறுப்பில். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு முப்பது ஊராட்சி. குழாய் உடைந்தால், தெருவிளக்கு எரியவில்லை என்றால் முன்பு தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சத்தம் போடலாம். இப்போது ஒன்றிய அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தால்தான் மானியம் என்பது 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. அந்த மானியத்தில் அறுபது விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் உரியது. ஊரில் தேர்தல் இல்லாத ஒவ்வொரு மாதமும் இந்தப் பணத்துக்குக் கேடுதான். மாவட்டத்தை ஒட்டலாமா என்று விவாதிக்கிற நேரத்தில், கையில் இருக்கிற ஊராட்சியே ஆள் இல்லாமல் கிடக்கிறது.

#14 செலவுக்கணக்கு

இந்த இழையில் படித்த பிறகும் இரண்டு மாவட்டத்துக்குப் பொது அலுவலகங்கள் கூடாது என்று யாரும் எனக்குக் காரணம் காட்டவில்லை. புள்ளியியல், தணிக்கை, கூட்டுறவு மாதிரி மக்கள் நேரில் போகத் தேவையில்லாத அலுவலகங்களையாவது ஒன்றாக்கலாம். ஆனால் மனு வாங்குகிற இடம், மருத்துவமனை, நீதிமன்றம், நிலக்கணக்கு ஆகியவை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அப்படி மிச்சப்படுத்துகிற பணியிடங்களை நிலஅளவருக்கும் விஏஓவுக்கும் மாற்றிக் கொடுங்கள் என்று கேளுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

#15 மானாவாரி

அதில் எனக்குச் சம்மதம். கூடவே பிர்கா பிரிப்பு.

எறையூர்ப் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்கா திறந்து, காலணித் தொழிற்சாலை வந்த பிறகு காலையில் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று நாங்கள் முணுமுணுக்கிறோம், அது வேறு விஷயம். கையில் மாதச் சம்பளம் வருகிறது, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். வெளியூரில் இருந்து வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்களும் உண்டு. 2011 கணக்கை வைத்துப் போட்ட குடிநீர்த் திட்டம் அவர்களுக்குப் போதுமா? வாடகை வீட்டில் இருப்பவர்கள் 2027-இல் எங்கே எண்ணப்படப் போகிறார்கள், சொந்த ஊரிலா இங்கேயா?

#16 கரும்பலகை

இங்கேதான். வழக்கமாகத் தங்கும் இடத்தில் எண்ணுவார்கள். ஆனால் அறைக்கு அறை போய்க் கேட்கிற கணக்கெடுப்பாளர் அமைய வேண்டும். வேலை முடிந்து இரவில் வருகிறவர்களைப் பகலில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனால் எண்ணிக்கை தவறும். அடுத்த கணக்கெடுப்பாளர்களில் யாராவது இதைப் படித்தால், அந்தப் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

#17 வெள்ளாற்றுத்தென்கரை

எல்லோருக்கும் நன்றி. மாவட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஆரம்பித்தேன். எனக்குக் கிடைத்த பதில், மாவட்டம் இருக்கட்டும், கேட்க வேண்டியது கீழ்மட்டத்தில் இருக்கிறது என்பது. ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. நம் ஊராட்சிகளில் சராசரி மக்கள்தொகை நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் கிராம சபைக் குறைவெண் 200. அத்தனை பேர் உட்கார்ந்தால்தான் தீர்மானம் செல்லும், கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போக விடாதீர்கள்.

மூன்று தீர்மானங்கள் எழுதலாம் என்று நினைக்கிறேன்: காலியாக இருக்கும் விஏஓ, நிலஅளவர் இடங்களை நிரப்புவது, டிசம்பர் 31-க்குள் பிர்காக்களை மறுசீரமைப்பது, அரசு மருத்துவக் கல்லூரி. கணக்குப்பிள்ளை ஐயா, பிர்கா மறுசீரமைப்புக்கு மனு யார் பெயருக்குப் போக வேண்டும், என்னென்ன இணைக்க வேண்டும்?

#18 கணக்குப்பிள்ளை57

மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, வருவாய் நிர்வாக ஆணையருக்கு நகல் போடுங்கள். அரசாணை வர வேண்டிய விஷயம், ஆட்சியரின் முன்மொழிவு இல்லாமல் நகராது. உங்கள் பிர்காவில் உள்ள வருவாய் கிராமங்களின் பெயர், ஒவ்வொன்றின் பரப்பு, அ-பதிவேட்டின்படி பட்டாதாரர் எண்ணிக்கை, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) அலுவலகத்துக்கு உள்ள தூரம், பஸ் வசதி ஆகியவற்றை ஒரே தாளில் அட்டவணையாகப் போடுங்கள். வெறும் "சிரமமாக உள்ளது" என்று எழுதினால் கோப்பில் கிடக்கும். கிராம சபைத் தீர்மான நகலைத் தனி அலுவலரிடம் சான்றொப்பத்துடன் கேட்டு வாங்கி இணையுங்கள். மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டவணை மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது, நாளை தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.